நிலாவரைக்குள் அந்த டோர்ச்சைக் கொண்டு இறங்கலாமா?

கேள்வி இது. உரும்பிராயைச் சேர்ந்த ஓர் இளைஞரிடம் பெரிய டோர்ச் லைட் ஒன்று இருக்கிறது. கடலட்டை பிடிக்கும் சுழியோடிகளுக்காக யாழ்ப்பாண நகரத்துக் கடையொன்றில் மாற்றி அமைத்தது. பழைய எல்.இ.டி.யைக் கழற்றிவிட்டு 60 வொட் எல்.இ.டி. பொருத்தியிருக்கிறார்கள். பழுதான மடிக்கணினிகளின் பற்றரிகளில் இருந்து எடுத்த மூன்று 18650 கலங்களைத் தொடராக இணைத்து, 70 மில்லிமீற்றர் அகலக் கண்ணாடி போட்டு, மூட்டுகளைச் சிலிக்கோன் பசையால் அடைத்திருக்கிறார்கள். அவருடைய மாமா மண்டைதீவுப் பக்கம் ஒரு பருவம் முழுவதும் அதைப் பாவித்தார். ஒரு சொட்டுத் தண்ணீரும் உள்ளே போகவில்லை. இளைஞரும் அவருடைய நண்பரும் கடலில் சுழியோடப் பயின்று சான்றிதழ் வைத்திருப்பவர்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல்லுக்குள் ஆழமாக இறங்கும் இயற்கைக் கிணறான நிலாவரையிலோ அதுபோன்ற நிலத்தடிக் குகையிலோ இந்த டோர்ச்சோடு இறங்கலாமா என்று கேட்கிறார். கடலில் வேறு எதற்காவது அதை வைத்துக்கொள்ளலாமா என்பது அவருடைய இரண்டாவது கேள்வி.

முதற்கேள்விக்குப் பதில், கூடாது. முதன்மை விளக்காகவும் கூடாது, இருப்பு விளக்காகவும் கூடாது. கடையில் செய்த வேலை மோசம் என்பதால் இப்படிச் சொல்லவில்லை. அந்தக் கடைக்காரர் கெட்டிக்காரர் என்றே நினைக்கிறேன். பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட ஊர் இது. இருப்பதை வைத்து இல்லாததைச் செய்யும் கைப்பழக்கம் இங்கே பலருக்கு உண்டு. ஆனால் டைனமோ நின்றால் செய்தி நிற்கும், அவ்வளவுதான். குகைக்குள் கொண்டுபோகும் விளக்குக்குத் தேவையான குணங்கள் வேறு. உங்கள் டோர்ச்சுக்குக் கிடைத்த மேலதிக வெளிச்சம் அந்தக் குணங்களை விற்றுத்தான் வாங்கப்பட்டிருக்கிறது.

என்னைப் பற்றி இரண்டு வரி. சுழியோடக் கற்றது திருகோணமலையில். குகைப் பயிற்சி எடுத்தது மெக்சிக்கோவின் யுகற்றான் தீபகற்பத்தில். நமது குடாநாட்டைப் போலவே சுண்ணக்கல்லால் ஆன, வற்றாத ஆறுகள் நிலத்துக்கு மேல் ஓடாத பூமி அது. நீரடி விளக்குகளைப் பிரித்துப் பழுதுபார்ப்பது என் தொழிலின் ஒரு பகுதி.

மாமாவின் கடலில் இருந்து தொடங்குவோம், ஏனென்றால் உங்கள் நம்பிக்கை முழுவதும் அங்கேதான் நிற்கிறது. தீவகத்தைச் சுற்றியுள்ள கடல் ஆழமற்றது. பாக்கு நீரிணையின் பெரும்பகுதியில் பத்துப் பதினைந்து மீற்றருக்குள் தரை வந்துவிடும். ஒவ்வொரு பத்து மீற்றருக்கும் நீரின் அழுத்தம் ஒரு வளிமண்டலம் கூடுகிறது. ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ. 70 மில்லிமீற்றர் கண்ணாடியின் பரப்பு 38 சதுர சென்ரிமீற்றருக்குச் சற்று மேல். ஆகவே மாமா பத்து மீற்றரில் அட்டை தேடிக்கொண்டிருந்தபோது கண்ணாடியின் மேல் 40 கிலோவுக்குச் சற்றுக் குறைவான சுமை இருந்தது. நிலாவரையின் ஆழம் ஐம்பது மீற்றரை ஒட்டியது என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். 45 மீற்றரில் அதே கண்ணாடியின் மேல் 170 கிலோவுக்கு மேல் ஏறும். ஒரு பருவமல்ல, பத்துப் பருவம் பாவித்திருந்தாலும் மாமாவின் கடல் அந்தச் சுமையை ஒரு தடவைகூடச் சோதிக்கவில்லை.

கண்ணாடி உடைவது பற்றி எனக்கு அவ்வளவு பயமில்லை. தடிப்பான கண்ணாடி என்றால் தாங்கலாம். எனக்குப் பயம் வால் பக்கத்தில் இருக்கும் ரப்பர் பொத்தானில். கைக்கு அடக்கமான டோர்ச்களில் வரும் அந்த அமுக்கு சுவிட்ச் விரல் நுனிக்காகச் செய்யப்பட்டது. ஒரு கிலோ அழுத்தமே அதற்கு அதிகம். பொத்தானின் விட்டம் 12 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொண்டால் 45 மீற்றரில் அதன் மேல் ஐந்து கிலோ அழுத்துகிறது. ரப்பரின் விளிம்பு ஒரு பகுதியைத் தாங்கும். மிச்சம் சுவிட்சுக்குப் போகும். இந்த வகைச் சுவிட்ச்களில் பெரும்பாலானவை அமுக்கிப் பிடித்திருக்கும் வரை மின்னைத் துண்டித்து, விட்ட பிறகே இணைப்பவை. தண்ணீரே பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டால் விளக்கு அணைந்துவிடும். மேலே ஏறினால் பத்திரமாக எரியும், கடைக்காரரிடம் காட்டினால் “ஒரு பிழையும் இல்லையே” என்பார். குகைக்கென்று செய்யப்படும் விளக்குகளில் ஓட்டையே இல்லாமல் வெளியில் ஒரு காந்த வளையத்தை நகர்த்தி உள்ளே இருக்கும் சுவிட்சை இயக்குவது இந்தக் காரணத்துக்காகத்தான்.

அடுத்தது அந்தச் சிலிக்கோன் பசை. மூடும்போது புளித்த வினாகிரி மணம் வந்ததா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். கட்டட வேலைக்கும் மீன்தொட்டி ஒட்டவும் பாவிக்கும் சாதாரணப் பசை காயும்போது அசற்றிக் அமிலத்தை விடுகிறது. மூடிய குழாய்க்குள் அந்த ஆவி செப்புக் கம்பிகளையும் ஈயப் பற்றுகளையும் மெல்ல அரிக்கும். அதைவிடப் பெரிய வில்லங்கம், பசையால் அடைத்த மூட்டை ஒவ்வொரு தடவை திறந்து மூடும்போதும் புதிதாக ஒட்ட வேண்டும் என்பது. முறையான நீரடி விளக்கில் இந்த வேலையைச் செய்வது ஓ-ரிங் எனப்படும் ரப்பர் வளையம், பெரும்பாலும் இரண்டு. அளவாகக் கடைந்த பள்ளத்துக்குள் அது இருக்கும். வெளியிலிருந்து அழுத்தம் கூடக்கூட வளையம் இன்னும் இறுகி அடைக்கும். அதனால்தான் நல்ல விளக்குகளில் கசிவு ஆழத்தில் தொடங்குவதைவிட முதல் சில மீற்றர்களிலேயே தொடங்குவது வழக்கம்: ஒரு தலைமயிர், ஒரு மணல் துகள், காய்ந்துபோன கிரீஸ். பசைக்கு இந்தக் குணம் இல்லை. அது ஒட்டியிருக்கும் வரை ஒட்டியிருக்கும்.

பெட்டியில் ‘ஐ.பி.எக்ஸ்.8’ என்று போட்டிருந்தது என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஒரு மீற்றருக்கு மேல், தயாரிப்பாளர் தானே குறிப்பிடும் ஆழத்திலும் நேரத்திலும் அசையாமல் அமிழ்த்திவைத்துச் சோதித்தது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. பல டோர்ச்களில் அது இரண்டு மீற்றர், அரை மணி நேரம். கடைக்காரர் திருகாணியை எடுத்த நிமிடத்திலேயே அந்தக் குறியும் போய்விட்டது.

இனிப் பற்றரி. இங்கேதான் நான் கூடுதலாக நிற்கப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 18650 என்ற பெயரே அளவுதான்: 18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளம். நல்ல புதிய கலம் ஒன்றில் 2500 முதல் 3500 மில்லி அம்பியர் மணி வரை இருக்கும். சந்தையில் 9900 என்று அச்சடித்து விற்பவை வெறும் அச்சு. அந்தப் பருமனுக்குள் அவ்வளவு கொள்ளாது. உங்கள் மூன்று கலங்களும் 2500ஐத் தாங்குகின்றன என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். 11.1 வோல்ற்றில் அது 28 வொட் மணிக்குச் சற்றுக் குறைவு. 60 வொட் எல்.இ.டி. அதை அரை மணி நேரத்துக்குள் குடித்துவிடும். மடிக்கணினியில் இருந்து எடுத்த கிழட்டுக் கலங்களில் உண்மையில் 1500 மிஞ்சியிருந்தால் 17 நிமிடத்தோடு கதை முடிகிறது. குகையில் முதன்மை விளக்கு திட்டமிட்ட நேரம் முழுவதும் எரிந்து, அதற்கு மேலும் மிச்சம் வைத்திருக்க வேண்டும். ஒரு மணி நேரச் சுழியோட்டத்துக்கு ஒன்றரை மணி நேரமாவது எரியாத விளக்கை நான் கையில் எடுக்க மாட்டேன்.

ஒரு சின்னக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். அந்த 28 வொட் மணியை 10 வொட்டில் எரித்தால் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் வரும். வெளிச்சம் ஆறில் ஒன்றாகக் குறையும், ஆனால் கண்ணுக்கு அது ஆறில் ஒன்றாகத் தெரியாது. ஒளி எட்டும் தூரம் இரட்டிக்க வேண்டுமானால் காற்றிலேயே நான்கு மடங்கு செறிவு தேவை. தண்ணீர் ஒளியை உறிஞ்சுவதால் அங்கே நிலைமை இன்னும் மோசம். ஆறு மடங்கு மின்சாரம் செலவழித்து வாங்கியது தெளிந்த நீரில் இரண்டு மடங்குத் தூரம்கூட இல்லை.

கலங்கள் ஒன்றுக்கொன்று ஒத்தவையாக இல்லாதபோது இன்னொன்று நடக்கிறது. தொடராக இணைத்த மூன்றில் பலவீனமானது முதலில் காலியாகும். மற்ற இரண்டும் அதற்குள் மின்னைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அது தலைகீழாக ஏறிச் சூடாகி, உள்ளிருந்து வாயுவைக் கக்கத் தொடங்கும். மேசையில் இருக்கும் டோர்ச்சில் என்றால் புகையும் நாற்றமும். சுற்றிவர அடைத்த உலோகக் குழாய்க்குள் அந்த வாயு எங்கே போகும்? இதற்காகவே கவனமாகச் செய்யப்பட்ட நீரடி விளக்குகளில் உள்ளழுத்தத்தை வெளியேற்றும் ஒரு சிறு வால்வு வைக்கிறார்கள். உப்புத் தண்ணீர் உள்ளே கசிந்தாலும் இதே ஆபத்து, ஏனெனில் பற்றரியின் மின் உப்புத் தண்ணீரைப் பிரித்து ஐதரசனையும் வேறு வாயுக்களையும் உண்டாக்குகிறது. தண்ணீர் புகுந்த டோர்ச்சை முகத்துக்கு நேரே பிடித்துத் திறக்கவே கூடாது. மாமாவுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

வெப்பம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒரு வார்த்தை. 60 வொட்டில் பாதிக்கு மேல் வெளிச்சமாகாமல் சூடாகிறது. தண்ணீர் நல்ல குளிர்விப்பான் என்று கடைக்காரர் சொல்லியிருப்பார், அது சரி. எல்.இ.டி. அமர்ந்திருக்கும் தகடு உடலோடு இறுக ஒட்டியிருந்தால் மட்டும் சரி. அப்படி இல்லையென்றால் சுற்றிலும் கடலே இருந்தும் உள்ளே வேகும். சித்திரை வெயிலில் கிணற்றடியில் நின்று “எரிகிறதா பார்ப்போம்” என்று இரண்டு நிமிடம் போட்டுப் பார்த்தாலே போதும், எல்.இ.டி. பழுதாவதற்கு.

இப்போது வெளிச்சத்துக்கு வருவோம். இருண்ட இடம் என்றால் கூடிய வெளிச்சம் நல்லதுதானே என்பது நியாயமான எண்ணம். குகைத் தண்ணீர் அந்த நியாயத்துக்குக் கட்டுப்படுவதில்லை. சுண்ணக்கல் குகையின் அடியில் மாவு போன்ற சேறு படிந்திருக்கும். துடுப்பு ஒரு தடவை தவறாக அசைந்தால் போதும், எழும்பிவிடும். அதுவரை யாரும் சுவாசிக்காத குகை என்றால் உங்கள் மூச்சுக் குமிழிகள் கூரையில் மோதும்போதே அங்கிருந்தும் துகள் உதிரும். இந்தத் துகள்களின் மேல் ஆயிரக்கணக்கான லூமென் வெளிச்சம் பட்டால் அத்தனையும் உங்கள் கண்ணுக்கே திரும்பி வருகிறது, மூடுபனியில் வாகனத்தின் பெரிய விளக்கைப் போட்டதுபோல. வெளிச்சம் கூடக்கூடச் சுவர் வெள்ளையாகும்.

நமது நிலத்துக்கென்றே இன்னொரு சிக்கல் இருக்கிறது. குடாநாட்டின் நன்னீர் கடல்நீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நன்னீர் நின்றால் கீழே சுமார் நாற்பது மீற்றர் வரை நன்னீர் இருக்கும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. இங்கே நீர்மட்டம் அவ்வளவு உயரமாக நிற்பதில்லை என்பதால் உவர்நீர் அதைவிட மேலேயே வந்துவிடுகிறது. நிலாவரையிலும் மேலே நன்னீர், கீழே போகப்போக உப்பு. இரண்டும் சந்திக்கும் அடுக்கில் ஒளி கோணலாக முறிகிறது. யுகற்றானில் அந்த அடுக்குக்குள் நீந்தும்போது முன்னால் போகும் கூட்டாளியின் கால் எண்ணெய் பூசிய கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதுபோலக் கலங்கித் தெரியும். கையில் இருக்கும் அழுத்தமானியின் முள்ளைக்கூட வாசிக்க முடியாது. எத்தனை வொட் போட்டாலும் அது தெளியாது. ஒரு மீற்றர் மேலே அல்லது கீழே போனால்தான் தெளியும்.

வெளிச்சத்தின் அளவைவிட அதன் வடிவம் முக்கியம் என்பதையும் சொல்ல வேண்டும். குகைச் சுழியோடிகள் பாவிப்பது ஒடுங்கிய கற்றை, ஆறு முதல் பத்துப் பாகை வரை. பார்ப்பதற்கு மட்டும் அல்ல, பேசுவதற்கும் அதுதான். சுவரில் ஒளிப்பொட்டை மெதுவாக வட்டமிட்டால் ‘எனக்குச் சுகம், உனக்கு?’ என்று அர்த்தம். அகலமாக, நிதானமாகப் பக்கவாட்டில் அசைத்தால் ‘இங்கே பார்.’ அவசரமாக முன்னும் பின்னும் வெட்டினால் உயிராபத்து. முன்னால் போகிறவர் திரும்பிப் பார்க்காமலே, தன் ஒளிப்பொட்டுக்குப் பக்கத்தில் கூட்டாளியின் பொட்டும் அசைவதைக் கண்டு அவர் பின்னால் வருகிறார் என்று அறிகிறார். உங்கள் டோர்ச்சில் பழைய தெறிப்பானுக்குள் பெரிய எல்.இ.டி.யைப் பொருத்தியிருப்பதால் பொட்டு பரந்து கரைந்துபோயிருக்கும். அந்த வெள்ளத்தில் நண்பருடைய சைகையும் சேர்ந்து மூழ்கும். போதாதற்கு ஒரே பொத்தானில் ஐந்து நிலைகள், அதில் ஒன்று மின்னி மின்னி எரிவது. தவறிப்போய் அது விழுந்தால் பின்னால் வருபவர் என்ன நினைப்பார்?

சரி, இத்தனையையும் திருத்திவிட்டோம், உலகத்திலேயே திறமான விளக்கு கிடைத்துவிட்டது என்று வைப்போம். அப்போதும் என் பதில் மாறாது. அதற்குக் காரணம் விளக்கில் இல்லை.

1979இல் அமெரிக்கக் குகைச் சுழியோடி ஷெக் எக்ஸ்லி, குகைகளில் நடந்த மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து ஒரு கைநூல் எழுதினார். திரும்பத் திரும்ப வந்த காரணங்கள் மூன்று. வாசல்வரை அறுபடாத வழிகாட்டிக் கயிறு இல்லை. உள்ளே போகும்போது காற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செலவழித்திருக்கிறார்கள். அளவுக்கு மிஞ்சிய ஆழம். பிற்பாடு பயிற்சியின்மையையும், மூன்று விளக்குகள் இல்லாமையையும் சேர்த்து ஐந்தாகச் சொல்கிறார்கள். விளக்கு கடைசியில் வந்து சேர்ந்ததைக் கவனியுங்கள். கயிறு இருந்தால் மூன்று விளக்கும் அணைந்தாலும் விரல்களுக்கிடையில் அதைப் பிடித்துக்கொண்டே வெளியே வரலாம். பயிற்சியில் கண்ணைக் கட்டி அதைத்தான் திரும்பத் திரும்பச் செய்விப்பார்கள். கயிறு இல்லாதவனுக்குச் சேறு எழும்பிய பிறகு விளக்கு எரிந்தும் பயனில்லை.

2018இல் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் பன்னிரண்டு சிறுவர்களும் அவர்களின் பயிற்சியாளரும் சிக்கியது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஜூலை 2ஆம் திகதி அவர்களைக் கண்டுபிடித்த இரண்டு பிரித்தானியச் சுழியோடிகளும் தலைக்கவசத்தில் பல விளக்குகள் பூட்டியிருந்தார்கள். ஆனாலும் சேற்று வெள்ளத்தில் ஏறக்குறைய ஒன்றும் தெரியாத நிலையில் கையால் தடவி, கயிறு விரித்துக்கொண்டே போனார்கள். நான்கு நாள் கழித்து, சிலிண்டர்களை வைத்துவிட்டுத் திரும்பும் வழியில் இறந்த முன்னாள் கடற்படை வீரர் சமன் குனன் விஷயத்திலும் முடிந்துபோனதாக அதிகாரிகள் சொன்னது காற்று. விளக்கு அல்ல.

காற்றைப் பற்றி ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், ஏனென்றால் கடலில் பயின்றவர்கள் இதை மனதால் உணர்வதில்லை. 12 லீற்றர் சிலிண்டரில் 200 பார் என்றால் 2400 லீற்றர் காற்று. உள்ளே போக அனுமதி 800. அமைதியாகச் சுவாசிக்கும் ஒருவருக்கு மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லீற்றர் என்றால் 45 மீற்றரில் ஐந்தரை மடங்கு, அதாவது 110. அந்த 800 லீற்றர் ஏழு நிமிடம். இறங்கும் நேரமும் அதற்குள்தான். பதற்றம் வந்தால் ஏழு நிமிடம் நாலாகும். சாதாரண காற்றோடு அந்த ஆழத்தில் நைதரசன் மயக்கமும் சேர்ந்துவரும். பொழுதுபோக்குச் சுழியோட்டத்துக்கு எல்லை 40 மீற்றர் என்று வைத்திருப்பது சும்மா அல்ல. உங்கள் ஆரம்பச் சான்றிதழ் 18 மீற்றருக்கு. கடலில் அந்தரப்பட்டால் மேலே வந்துவிடலாம் என்ற எண்ணம் உங்கள் பயிற்சியின் அடித்தளத்திலேயே இருக்கிறது. குகையில் மேலே பார்த்தால் கல்.

புளோரிடாவின் ஜின்னி ஸ்பிரிங்ஸ் போன்ற இடங்களில் ஒரு விதி உண்டு. குகைப் பயிற்சிச் சான்றிதழ் இல்லாதவர்கள் தண்ணீருக்குள் விளக்கே கொண்டுபோகக் கூடாது. கம்பிக் கதவு போட்டுப் பூட்டிய ஒரு பாதுகாப்பான கூடத்துக்கு மட்டும் விலக்கு. முதன்முதலில் கேட்டபோது எனக்கு இது கிறுக்குத்தனமாகத்தான் பட்டது. ஆனால் யோசித்தால் விளங்குகிறது: விளக்கு இல்லாதவன் இருட்டுத் தொடங்கும் இடத்தில் தானாகவே திரும்பிவிடுவான். விளக்கு இருப்பவன் “அந்த வளைவுவரை பார்த்துவிட்டு வருவோமே” என்பான். உங்கள் 60 வொட் டோர்ச் பழுதாகிவிடுமோ என்பதைவிட, அது நன்றாக எரிந்துவிடுமோ என்பதுதான் என் கவலை.

பயிற்சி எடுத்துவிட்டு இறங்குபவர்கள் என்ன வைத்திருப்பார்கள் என்று கேட்டதால் சொல்கிறேன். முதன்மை விளக்குக்குப் பற்றரி தனியாக இடுப்பில், ஒரு குழாய்க்குள் இருக்கும். அங்கிருந்து கம்பி வந்து கையின் புறங்கையில் கட்டிய சிறிய விளக்குத் தலையில் முடியும். விரல்கள் கயிற்றைப் பிடிக்கச் சுதந்திரமாக இருக்கும். இருபது வருடத்துக்கு முன்னர் வாயுவுக்குள் மின்பொறி எரியும் 21 வொட் எச்.ஐ.டி. விளக்குகள் பெரிய மரியாதையோடு பார்க்கப்பட்டன. இன்று அதைவிடக் குறைந்த வொட்டில் எல்.இ.டி. அதைவிடப் பிரகாசமாக எரிகிறது. இருப்பு விளக்குகள் இரண்டு. சின்னவை, ஒரே நிலை மட்டும் உள்ளவை, தலையைத் திருகினால் எரிபவை. மார்புப் பட்டியில் கொளுவி, சைக்கிள் ரியூப்பை வெட்டிய வளையத்தால் அசையாமல் பிடித்திருப்பார்கள். இந்த ஒரு விஷயத்தில் யாழ்ப்பாணத்துக்கு வெளிநாட்டுச் சாமான் தேவையில்லை. மூன்றில் எது அணைந்தாலும், அது ஆகச் சின்னதாக இருந்தாலும், எல்லோரும் திரும்பி வெளியே போக வேண்டும். விவாதம் கிடையாது.

நிலாவரையைப் பொறுத்தவரை இன்னொன்றும் இருக்கிறது. கிராமத்துத் தோட்டங்களுக்கு நீர் இறைக்கும் இடம் அது, புராணக் கதையோடு சேர்ந்த இடமும்கூட. எழுத்து மூல அனுமதி இல்லாமல் அதற்குள் இறங்குவது ஊரோடு பகையைத் தேடுவது. கீரிமலையில் கேணிக்கு நன்னீர் கொண்டுவருபவை கல் வெடிப்புகள். மனிதன் நுழையும் பாதை என்று கற்பனை செய்துகொண்டு போகாதீர்கள். மானிப்பாய் இடிகுண்டும் சுண்ணக்கல் கரைந்து கூரை இடிந்ததால் உண்டானது. ஒரு தடவை இடிந்த கல் இனி இடியாது என்று எவரும் எழுதித் தரவில்லை.

ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆசை தப்பில்லை. எனக்கும் உண்டு. மனிதன் இறங்காமலே அதைத் தீர்த்துக்கொள்ள வழியிருக்கிறது. அனுமதி பெற்ற பிறகு, ஆழத்துக்கு ஏற்ற உறைக்குள் வைத்த சிறிய கமெரா ஒன்றையும் முறையான நீரடி விளக்கு ஒன்றையும் ஒரே சட்டத்தில் பூட்டி, மீற்றர் அடையாளமிட்ட கயிற்றில் இறக்குங்கள். விளக்கைக் கமெராவுக்கு ஒட்டியபடி வைக்காமல் ஒரு முழம் தள்ளிச் சாய்வாகப் பூட்டினால் துகள்களின் வெண்மை படத்தில் குறையும். அதோடு நீரின் மின்கடத்துதிறனை அளக்கும் உணரியையும் சேர்த்து இறக்கினால் எந்த ஆழத்தில் உப்பு தொடங்குகிறது என்பது எண்ணாகவே கைக்கு வரும். மாரிக்கு முன்னும் பின்னும் செய்து ஒப்பிட்டால் குடாநாட்டின் தண்ணீரைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு அது ஒரு மனிதன் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லும் கதையைவிடப் பயன்படும்.

இரண்டாவது கேள்வி: கடலில் வைத்துக்கொள்ளலாமா? பத்து மீற்றருக்குள், மேலே வள்ளமும் திறந்த வானமும் இருக்கும் இடத்தில், சில திருத்தங்களோடு வைத்துக்கொள்ளலாம். அட்டை, சங்கு பிடிப்பதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பது மாமாவுக்கே தெரிந்திருக்கும். டோர்ச்சில் முதலில் மாற்ற வேண்டியது கலங்கள்: ஒரே வகை, ஒரே நாளில் வாங்கிய, பாதுகாப்புச் சுற்று உள்ள மூன்று. பிறகு எல்.இ.டி.க்குப் போகும் மின்னை 15 வொட் அளவுக்குக் குறைக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் விடாதீர்கள். சிலிக்கோன் பசையைச் சுரண்டி எடுத்துவிட்டு, கடைச்சல் பட்டறையில் பள்ளம் கடைந்து இரண்டு ஓ-ரிங் போடலாம். நைத்திரைல் ரப்பர் வளையமும் சிலிக்கோன் கிரீஸும் ஒத்துப்போகும். சிலிக்கோன் வளையத்துக்கு அதே கிரீஸைப் பூசினால் வளையம் ஊதிவிடும். கடைசல் முடிந்ததும் கலங்களை எடுத்துவிட்டு, உள்ளே ஒரு திசுத்தாளைச் சுருட்டி வைத்து, ஈயக்கட்டி கட்டி, பாவிக்கப்போகும் ஆழத்தைவிடக் கூடிய ஆழத்தில் ஒரு மணி நேரம் தொங்கவிடுங்கள். தாள் நனைந்திருந்தால் மறுபடியும் பட்டறைக்கு. நனையாவிட்டால் கலங்களைப் போட்டு வாளித் தண்ணீருக்குள் முழு நேரமும் எரியவிட்டு, எத்தனை நிமிடத்தில் மங்குகிறது என்று எழுதிவையுங்கள். ஒவ்வொரு தடவை கடலில் இருந்து வந்ததும் நன்னீரில் ஊறவைக்க வேண்டும்; துளையிட்ட இடத்தில் அலுமினியத்தின் மேற்பூச்சு போயிருக்கும், உப்பு அங்கேதான் தின்னத் தொடங்கும்.

கழற்றிய பழைய கலங்களை முச்சக்கர வண்டியின் பின்பெட்டிக்குள் வெயிலில் போட்டு வைக்க வேண்டாம். முனைகளை ஒட்டுநாடாவால் மூடி, மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.